என்சைம் – நொதி: சொல் விளக்கம்

உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதத்தை என்சைம் என்கிறோம். ‘என்சைம்’ என்ற பெயரை வைத்தவர் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே, 1870களில். கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே. ‘சைமி’ என்றால் மாவைப் பொங்க வைக்கும் புளிப்பு, அதாவது ஈஸ்ட். ஈஸ்டுக்குள் இருப்பது என்று பொருள் கொள்ளலாம்.

தமிழில் இது நொதி. கள் நுரைத்துப் புளிப்பதை நொதித்தல் என்கிறோம் அல்லவா, அதே வேர்தான். இலங்கைப் பாடநூல்களில் நொதியம். இரண்டும் சரியே; ‘செரிமான நொதி’, ‘நொதியியல்’ என்று எளிதாக ஒட்டுவதால் எனக்கு நொதிதான் பிடிக்கும். வினையூக்கி (வினையை விரைவுபடுத்தும் பொருள்) என்று மட்டும் எழுதினால் போதாது. அது பிளாட்டினத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல்.

பெயர் ஈஸ்டுக்குள் இருக்கும் பொருளைச் சுட்டினாலும், உயிருள்ள செல் இல்லாமல் நொதித்தல் நடக்காது என்றே பலர் நம்பினர். 1897-இல் எடுவர்டு புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்து, அழுத்திச் சாறு பிழிந்து, அதில் சர்க்கரை சேர்த்தார். செல்லே இல்லாத அந்தச் சாறு நொதித்துக் குமிழி விட்டது! 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்புறம், இந்த நொதிகளை ஈஸ்ட் எப்படி ஆள்கிறது? இதற்குக் ‘கட்டுப்பாடு’ என்பதைவிட ‘ஒழுங்குபாடு’ பொருத்தம். முடுக்குவதும் அதில் அடங்கும். சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்றொரு நொதி. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மிகுந்தால் இது மந்தமாகும். ஆற்றல் குறைந்ததைக் காட்டும் ஏஎம்பி கூடினால் வேகமெடுக்கும். இவை வினை நடக்கும் இடத்தில் அல்லாமல் நொதியின் வேறோர் இடத்தில் ஒட்டியே இப்படிச் செய்கின்றன. ஆங்கிலத்தில் ‘அல்லோஸ்டெரிக்’ எனப்படும் இதை ‘வேற்றிட ஒழுங்குபாடு’ எனலாம் என்பது என் பரிந்துரை.

எத்தனாலை (சாராயத்திலுள்ள ஆல்கஹாலை) உண்டு வளரும் ஈஸ்ட், குளுக்கோஸைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு, பாஸ்போஃபிரக்டோகைனேஸுக்கு எதிர்த்திசையில் இயங்கும் ஃபிரக்டோஸ் பிஸ்பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி வேண்டும். அந்தச் செல்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பாருங்கள்: சில நிமிடங்களில் அந்த நொதியில் ஒரு பாஸ்பேட் ஏறி, அதன் வேகம் சரிகிறது. பிறகு அந்தப் புரதத்தையே செல் சிதைத்துவிடுகிறது. எதிரெதிரான இந்த இரு நொதிகளும் ஒருசேர ஓடினால் ஏடிபி வீணாகத்தான் கரையும்.

இன்வர்டேஸ் கதை வேறு. சுக்ரோஸை, அதாவது நாம் உண்ணும் சர்க்கரையை, உடைக்கும் இந்த நொதியின் மரபணுவைக் குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது ஈஸ்ட் அடக்கி வைக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் நொதியை நிறையத் தயாரித்துச் செல்சுவர்ப் பகுதிக்கு அனுப்புகிறது. சுக்ரோஸ் அங்கேயே உடைகிறது.