பின்னட்டையில் போட்ட வயதை நம்பி நாவல் வாங்கலாமா?

"மேடம், இவன் வயசுக்கு மீறிப் படிப்பான். பெரிய பசங்க படிக்கிற நாவலா ஒண்ணு கொடுங்க." சிறுவர் பிரிவில் நூலகராக இருப்பதால் இது எனக்குப் பழகிப்போன கோரிக்கை. பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவின் முகத்தில் பெருமை. பையனின் கண் காமிக்ஸ் அலமாரியில். பெருமைப்படுவதில் தப்பில்லை. பதினைந்து வயதுக்காரர்களுக்கு எழுதிய நாவலை அவன் கையில் கொடுக்கத்தான் நான் யோசிப்பேன்.

எவ்வளவு கடினமான வாக்கியத்தை ஒரு பிள்ளையால் படிக்க முடியும் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு கனமான விஷயத்தை அந்த வயதில் மனசு தாங்கும் என்பது இன்னொரு கணக்கு. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு லெக்சைல் என்றொரு அளவீடு உண்டு. வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் இருப்பவை என்று பார்த்து ஓர் எண் கொடுப்பார்கள். ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலுக்கு அதில் கிடைத்த எண் 680. அமெரிக்கப் பாடத்திட்ட வரையறையின்படி அது இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான எல்லைக்குள் வந்துவிடுகிறது! நிலத்தை இழந்த குடும்பம், பசி, வழியிலேயே சாவு என்று போகும் கதை அது. வாக்கியங்கள் எளிமையாக இருப்பதால் எண் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கதைக்குள் என்ன நடக்கிறது என்று எந்த எண்ணுக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான சிக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே களைத்துப்போகிறது. உடனே ஆறு வயதுக்கான குட்டி யானைக் கதையை எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை அட்டையை உள்பக்கமாகத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூடப் படிப்பவர்கள் கண்ணில் படாத மூலையாகத் தேடிப் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்த பிள்ளை அடுத்த வாரம் வருவது சந்தேகம். அதற்குத் தேவை, வாக்கியம் சின்னதாகவும் கதை அதன் வயதுக்கு ஏற்றதாகவும் உள்ள நாவல். ஸ்காட்லாந்தில் 1998-இல் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கே பெயர் பெற்றது. மங்கலான மஞ்சள் தாள், எளிதில் பிரித்தறியக்கூடிய எழுத்துரு, நூறு பக்கத்துக்குள் முடியும் விறுவிறுப்பான கதை. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது 'சின்னப் பிள்ளைப் புத்தகம்' என்றே தெரியாது.

சரி, ஒரு நாவலை நான் எப்படிப் பார்ப்பேன்?

முதல் பக்கத்தை நம்ப மாட்டேன். எழுத்தாளர் திரும்பத் திரும்ப இழைத்த பக்கம் அது. எல்லா நாவலிலும் நன்றாகத்தான் இருக்கும். நேராக மூன்றாவது அத்தியாயத்துக்குப் போவேன். அங்கே எத்தனை பேர் பேசுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று புரிகிறதா, காலம் முன்னும் பின்னும் தாவுகிறதா என்று பார்ப்பேன். அடுத்து, முடிவெடுப்பது யார் என்பது. காணாமல் போன நாயைத் தேடிப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். மாமா ஒரு போன் போட்டு நாயை வீட்டுக்கே வரவழைத்துவிடுகிறார். பிறகு விலங்குகளிடம் அன்பு காட்டுவது பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். பத்து வயது வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். மூடுவது நியாயமும்கூட. பெற்றோர்களுக்கோ பெரும்பாலும் அந்த ஒன்றரைப் பக்கம்தான் பிடிக்கிறது.

நாயகனின் வயதையும் பாருங்கள். பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களின் கதையைத்தான் விரும்புவார்கள். ஒன்பது வயதுக்காரி பதினொரு வயது நாயகியின் பின்னாலேயே ஓடுவாள். பன்னிரண்டு வயதுக்காரரிடம் ஒன்பது வயது நாயகனை நீட்டினால் தொடக்கூட மாட்டார்.

ஐந்து விரல் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். அவசரத்துக்கு உதவும். ஆனால் அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் விரலை நேர்மையாக மடக்குவதில்லை. அதனால் இரண்டு பக்கம் மனசுக்குள் படிக்கச் சொல்லிவிட்டு, "இப்ப அங்க யார் யார் இருக்காங்க? அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்பேன். பதில் சொல்லும் வேகத்திலேயே புத்தகம் பிடிபட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஆர்வத்தைப் பலர் இனிப்பு மாதிரி கூடுதல் விஷயமாக நினைக்கிறார்கள். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகம் கதையில் இருந்தால், ஒரு படி கடினமான புத்தகத்தையும் சமாளித்துவிடும். விண்வெளி பற்றி வாய் ஓயாமல் பேசும் பிள்ளைக்கு விண்வெளி நாவலைக் கொஞ்சம் துணிந்தே கொடுக்கலாம்.

சாவு, பெற்றோரின் பிரிவு, போர் எல்லாம் இந்த வயது நாவல்களில் வரவே கூடாதா? வரலாம். அவை பிள்ளைகளின் வாழ்க்கையிலேயே வருகின்றனவே. எப்படி வருகின்றன என்பதை மட்டும் நான் பார்ப்பேன். வன்முறையை அணு அணுவாக வர்ணிக்கிறதா? நடந்ததைப் பேச அந்தப் பாத்திரத்துக்கு ஓர் ஆளாவது இருக்கிறாரா? கடைசி அத்தியாயத்தில் பிள்ளை தனியாக விடப்படுகிறதா? இவற்றுக்குப் பதில் தெரியக் கடைசி இருபது பக்கங்களை நீங்கள் முதலில் படித்துவிட வேண்டும். கதையின் சுவாரசியம் உங்களுக்குக் கெட்டுப்போகும், பரவாயில்லை. பழைய நாவல்களில் நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் இடங்கள் இருந்தால் தனியாகப் படிக்க விடாமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

காமிக்ஸும் கிராஃபிக் நாவலும் வாசிப்புதான். ஒரே தொடரில் வரிசையாக எட்டுப் புத்தகம் படிப்பதும் வாசிப்புதான். பாத்திரங்கள் ஏற்கெனவே பழக்கமானவர்கள் என்பதால் அடுத்த பாகத்தில் நுழையச் சிரமமே இருக்காது. அதைப் பிடுங்கிவிட்டு 'நல்ல இலக்கியம்' கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

பாதியில் திருப்பிக் கொடுக்கப்படும் புத்தகங்கள் எனக்கு நிறையச் சொல்லித் தருகின்றன. எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய் என்று மட்டும் கேட்பேன். இருபது பக்கத்துக்குள் என்றால் மொழி கடினம், இல்லையென்றால் பாத்திரங்கள் அதிகம். ஐம்பது, அறுபது பக்கம் ஓடிய பிறகு திடீரென்று நின்றிருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பேன். பல நேரம் அங்கே யாராவது செத்திருப்பார்கள், அல்லது இருட்டில் யாரையாவது பூட்டிவைத்திருப்பார்கள். பயமாக இருந்தது என்று பத்து வயதுக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். "போர் அடிக்குது" என்பார்கள். அதை நம்பி இன்னும் விறுவிறுப்பான திகில் கதையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சிரிக்க வைக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நின்றுபோன புத்தகத்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி நீட்டிப் பாருங்கள்.