ஃபிஸ்டுலா: தொண்டைத் தையலுக்குள் விழும் புரை

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்த பிறகு வரும் முதல் இரண்டு வாரங்களில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் சொல் ஃபிஸ்டுலா. முழுப்பெயர் ஃபாரிங்கோகியூட்டேனியஸ் ஃபிஸ்டுலா. நோயாளியின் வீட்டாருக்குப் பெரும்பாலும் 'லீக்' என்று மட்டும் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் எது, எங்கிருந்து, எங்கே கசிகிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

ஃபிஸ்டுலா என்பது லத்தீன். நாணல் தண்டு, தண்ணீர்க் குழாய், ஊதுகுழல் எல்லாவற்றுக்கும் ரோமானியர்களிடம் இந்தச் சொல்தான். உள்ளே ஆழமாகக் குழாய்போல் ஓடும் புண்ணையும் அவர்கள் காலத்திலேயே இப்படி அழைத்தார்கள். ஃபாரிங்ஸ் கிரேக்கத்தில் தொண்டை, கியூட்டிஸ் லத்தீனில் தோல். ஆக, தொண்டையிலிருந்து கழுத்துத் தோல்வரை தானாக உண்டாகிவிட்ட ஒரு குழாய்வழி.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் 'புரை' என்பேன். புண் புரையோடிவிட்டது என்று இன்றும் சொல்கிறோம். மேலே சின்ன வாய், உள்ளே நீண்ட பொந்து என்பதுதான் அதன் பொருள். பழந்தமிழில் புரைக்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு, அதுவும் இங்கே ஒட்டுகிறது. பவுத்திரம் என்பது ஆசனவாய்ப் பக்கம் வரும் புரைக்கே நிலைத்துவிட்ட பெயர், அதைக் கழுத்துக்குக் கொண்டுவர முடியாது. 'துளை'யும் சரிவராது. குரல்வளை போன பிறகு மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் அடியில் தோலோடு சேர்த்துத் தைத்து விடுகிறார்கள். அதுதான் மூச்சுத்துளை. மருத்துவர் வேண்டுமென்றே வைப்பது துளை, தையல் ஆறாமல் தானாக விழுவது புரை. இந்த வேறுபாடு தெரியாமல், கழுத்தில் கண்ட ஓட்டையெல்லாம் ஒன்றுதான் என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. ஆகவே 'தொண்டை–தோல் புரைவழி' என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

இது எப்படி உண்டாகிறது? குரல்வளையை எடுத்ததும் தொண்டையின் முன்சுவர் திறந்துவிடும். மிச்சமிருக்கும் மென்படலத்தைச் சுருட்டித் தைத்து உணவுக்குழாய் வரை ஒரு குழாயாக ஆக்குகிறார்கள். மூக்குவழிக் குழாயில் உணவு போனாலும் எச்சில் நிற்பதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சுரக்கிறது, ஒவ்வொரு விழுங்கலும் அந்தத் தையலின் மேல்தான் போகிறது. ஓரிடத்தில் தையல் ஆறாமல் பிரிந்தால் எச்சில் தோலுக்கடியில் தேங்கிச் சீழ்பிடித்து வெளியே வழி தேடும்.

1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய்க்காக முதன்முதலில் முழுக் குரல்வளையை எடுத்தார். அந்தக் காலத்தில் மூச்சுவழியையும் உணவுவழியையும் முழுதாகப் பிரிக்கும் முறை வரவில்லை. எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவிலேயே பலர் இறந்தார்கள். பின்னர் பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளுக் மூச்சுக்குழாயைத் தனியே பிரித்துத் தோலோடு தைத்ததில்தான் இந்த அறுவைக்கு உயிர் வந்தது.

புரையைத் தடுக்கும் வேலை அறுவை அரங்குக்கு வெளியே, பல நாள் முன்பே தொடங்குகிறது. புற்று விழுங்கவிடாததால் பலர் எடை குறைந்துதான் வந்து சேர்கிறார்கள். உடம்பில் புரதம் இல்லாமல் தையல் ஆறாது. அப்படிப்பட்டவருக்கு முதலில் குழாய்வழியாவது ஊட்டமேற்ற வேண்டும். அறுவைத் தேதி தள்ளிப்போகிறதே என்று வீட்டார் தவிப்பது புரிகிறது, ஆனாலும் அந்தச் சில நாள் வீண் இல்லை. ரத்தச்சோகை, சர்க்கரை, புகைபிடித்தல் மூன்றையும் அப்போதே கவனித்துவிட வேண்டும். தைராய்டை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு பட்டாலோ அறுவையில் ஒரு பகுதி போனாலோ தைராய்டு மந்தமாகும், புண் ஆறுவதும் மந்தமாகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முன்பே கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போயிருக்கும், ரத்தம் வராத சதை எப்படி ஒட்டும்? அதனால் கதிர் படாத நெஞ்சுத் தசையை, அதன் ரத்தக்குழாய் அறுபடாமல் மேலே திருப்பிக் கொண்டுவந்து தையலின் மேல் போர்த்துகிறார்கள். ஸ்டீபன் ஆரியன் 1979இல் விவரித்த இந்த முறை இன்றைக்கும் பெரிய கைத்துணை. ஆன்டிபயாடிக்கைக் கத்தி வைப்பதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். அப்புறம் நாள் கணக்கில் நீட்டுவதால் கூடுதல் பலன் கிடைப்பதில்லை.

அறுவைக்குப் பின் பார்க்க வேண்டியது கழுத்தோரம் தொங்கும் வடிகுழாய்ப் புட்டியை. முதலில் சிவப்பாக வரும் நீர் நாளாக ஆக வெளிறிக் குறைய வேண்டும். திடீரென்று கலங்கி, நுரைத்து, நாற்றம் எடுத்தால் அதில் எச்சில் கலந்திருக்கலாம். தையல் ஓரம் சிவந்து வீங்குவதும், முதல் இரண்டு நாளிலேயே காய்ச்சல் வருவதும் எச்சரிக்கைதான். சாயநீரை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பல இடங்களில் வாய்வழி உணவு தொடங்குகிறார்கள். வழக்கமாக ஏழு முதல் பத்து நாள், கதிர்வீச்சு வாங்கியிருந்தால் இன்னும் தாமதம். ஆசைக்கு ஒரு வாய் தண்ணீர் என்று யாரும் இடையில் கொடுக்கக் கூடாது.

புரை விழுந்துவிட்டாலும் பெரும்பாலும் வாய்வழி எதுவும் கொடுக்காமல், குழாய்வழி ஊட்டி, அழுத்திக் கட்டுப்போட்டே ஆற்றிவிடலாம். அஞ்ச வேண்டிய இடங்கள் இரண்டு. எச்சில் கழுத்தின் பெரிய தமனியை அரித்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்துளைக்குப் பக்கத்தில் புரையின் வாய் திறந்தால் எச்சில் நுரையீரலுக்குப் போய்விடும். குரல்வளை போனவருக்குப் புரையேறாது என்று நம்பியிருக்கும்போது இந்தப் புரை அதையும் கெடுத்துவிடும்.

பேச்சு திரும்ப, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வழி வைத்துக் குரல் வால்வு பொருத்துகிறார்களே, அதையும் சில நூல்கள் ஃபிஸ்டுலா என்றே எழுதுகின்றன. சிங்கரும் புளோமும் 1980இல் அறிமுகப்படுத்திய முறை அது. தமிழில் அது துளைதான். அந்தத் துளை வால்வைவிட விரிந்துபோனால் தண்ணீர் குடித்ததும் இருமல் வரும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.