எஞ்சின் போர் தேய்மானம்: ஃபீலர் கேஜ் வைத்து வீட்டிலேயே அளக்கலாம்

பழைய மாருதி 800 ஆயில் குடிக்கத் தொடங்கியதுமே எஞ்சினை இறக்க வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல்தான், செலவு குறைவு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்து, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பிளக் துளையில் மாட்டி சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் அதை உறுதிசெய்யும். சூடான எஞ்சினில் மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் வயரைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

செலவைத் தீர்மானிக்கும் கேள்வி இனிமேல்தான். ரிங் மாற்றினால் போதுமா, லேத் பட்டறையில் போரிங் போட்டு (போரைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டனே மாற்ற வேண்டுமா? ஹெட்டையும் அடியிலுள்ள ஆயில் சம்ப்பையும் இறக்கி பிஸ்டன்களை வெளியே எடுத்தபின், புது ரிங் ஒன்றும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் இதற்குப் பதில் சொல்லிவிடும்.

போர் ஒரே சீராகத் தேயாது. மேல்பகுதிதான் அதிகம் தேயும். வாயு அழுத்தம் மேலே உச்சத்தில் இருக்கும்போது அது ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலமும் அறுந்துபோகிறது. ரிங் எட்டாத அடிப்பகுதி மட்டும் புதிதுபோலவே இருக்கும். புது ரிங்கை அங்கே வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளங்கள். 68.5 மி.மீ. போருக்கு 0.27 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பிறகு மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளங்கள். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதைப்போல் 3.14 மடங்கு சுற்றளவு கூடும். ஆகவே இரண்டு அளவின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் தேய்மானம் தெரியும். மேலே 0.58 காட்டினால் தேய்மானம் 0.1 மி.மீ. அதற்கு மேல் போனால் புது ரிங் போட்டுப் பயனில்லை. 3000 ஆர்பிஎம்மில் ரிங் நொடிக்கு ஐம்பது முறை போரில் ஏறி இறங்குகிறது. அத்தனை முறையும் விரிந்து சுருங்கிச் சுவரை ஒட்டிப் போக அதனால் முடியாது. போர் முட்டை வடிவமாகியிருந்தால் இந்தக் கணக்குக்குப் பிடிபடாது. கீழிருந்து டார்ச் அடியுங்கள். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தேய்மானம் குறைவென்றால் போரின் மேல் விளிம்பில் நிற்கும் வரப்பை முதலில் ரீமர் என்ற வெட்டுக்கருவியால் எடுங்கள். விட்டால் புது மேல் ரிங் அதில் மோதி உடையும். பிறகு லேசாக ஹோனிங், அதாவது கல்லால் தேய்த்துச் சுவரில் மெல்லிய கீறல்கள் போடுவது.

பலர் வேலையைக் கெடுத்துக்கொள்வது அதற்கடுத்த கழுவலில்தான். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எண்ணெய்ப் பசையை எடுக்கும். கல்தூள் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி ஆயில் தடவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வரவே கூடாது. வந்தால் மறுபடி கழுவுங்கள். அந்தத் தூள் புது ரிங்கையும் பேரிங்கையும் சீக்கிரமே அரித்துவிடும்.

மாட்டியபின் ஐடிலில் நெடுநேரம் ஓடவிடாதீர்கள். மிதமான சுமையில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ரிங்கின் பின்னால் புகும் வாயு அழுத்தம்தான் அதைச் சுவரோடு படிய வைக்கிறது. ஐடிலில் அந்த அழுத்தம் போதாது.