பிளேட்டோவைத் தேடி வெளிநாடு போகுமுன்

பண்டைய கிரேக்க மெய்யியலை மேற்படிப்பாக எடுக்க விரும்பும் மாணவர்களின் நோக்கக் கடிதங்களில் ஓர் ஆசை திரும்பத் திரும்ப வரும்: சாக்ரடீஸோடு நேருக்கு நேர் பேசுவதுபோல் படிக்க வேண்டும். அருமையான ஆசை. ஆனால் சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய மாணவர்களான பிளேட்டோவும் ஸெனபோனும் எழுதியவை, அதுவும் கிரேக்கத்தில். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் போகிறவர் அந்தப் பேச்சை அடுத்த அறையிலிருந்து கேட்கிறார்.

ஒரே ஒரு சொல்லைப் பாருங்கள். 'அரெத்தே' என்பதை ஆங்கில நூல்கள் பலவும் 'வர்ச்சூ' என்கின்றன. நாம் அதை 'அறம்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு மேலே போய்விடுவோம். பிளேட்டோவின் 'குடியரசு' முதல் புத்தகத்தில் 353b என்று ஓரத்தில் எண்ணிட்ட பகுதி வரும்போது அந்தக் குறிப்பு இடிக்கும். கண்ணுக்கு அரெத்தே உண்டு, காதுக்கு உண்டு என்கிறார் சாக்ரடீஸ். கண்ணுக்கு என்ன அறம்? சற்று முன்னால் அவர் திராட்சைக்கொடி வெட்டும் கத்தியைப் பற்றிப் பேசியிருப்பார். எந்தக் கத்தியாலும் கொடியை வெட்டலாம். அதற்கென்றே செய்த கத்திதான் நன்றாக வெட்டும். அதுவே அந்தக் கத்தியின் வேலை, 'எர்கோன்'. அந்த வேலையைச் செவ்வனே செய்யவைக்கும் சிறப்புதான் அரெத்தே. பிறகு உயிருக்கு என்ன வேலை, அதன் சிறப்பு எது என்று கேட்டு, நீதிக்கு வந்து சேர்கிறார். 'அறம்' என்றே பிடித்துக்கொண்டவருக்கு இந்த வாதத்தின் நடுப்படி காணாமல் போய்விடும்.

ஆகவே மொழியை ஊரிலேயே தொடங்குங்கள். 24 எழுத்துகள் பத்து நாளில் வந்துவிடும். சொல்லின் முதல் உயிர்மேல் நின்று 'ஹ' ஒலி உண்டா இல்லையா என்று காட்டும் மூச்சுக்குறியையும் அழுத்தக்குறிகளையும் அப்போதே சேர்த்து எழுதிப் பழகுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பின்னால் அவதிப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் வினைச்சொல். ஒரு வினைக்கு ஆறு அடிப்படை வடிவங்கள் உண்டு. 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன். சுமப்பேன் என்பது 'ஒய்ஸோ'. சுமந்தேன் என்பது 'ஏனெங்கோன்'. முதல் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் மூன்றாவதைக் கண்டால், அகராதியில் எங்கே தேடுவது என்றே தெரியாமல் நிற்பார். ஆறையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவதுதான் வழி.

தினம் ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் உழைத்தால் ஒரு தொடக்க நூலை முடிக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அடுத்து பிளேட்டோவின் 'யூத்திஃப்ரோ'வை எடுங்கள். சிறிய உரையாடல், பேச்சுநடை. முதலில் நாளைக்கு ஐந்து வரி போதும். அரிஸ்டாட்டிலைத் தொடக்கத்திலேயே தொட வேண்டாம். நம்மிடம் எஞ்சியவை பெரும்பாலும் பாடக்குறிப்பு போலச் சுருங்கியவை. சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்ளப் பயிற்சி வேண்டும்.

தமிழ் படித்தவருக்கு இங்கே ஒரு நல்ல பிடிமானம் உண்டு. வேற்றுமை உருபும் விளியும் நமக்குப் புதிதல்ல. சொல்லுக்கு அழுத்தம் தரும் 'கெ' போன்ற சின்ன இடைச்சொற்களை ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும்பாலும் விழுங்கிவிடும். 'அவனே', 'அதுதான்', 'அவனாவது' என்று பேசுகிற காதுக்கு அந்த அழுத்தம் சட்டென்று பிடிபடும்.

செயலியில் இன்றைய கிரேக்கம் படித்துவிட்டுத் தயாராகிவிட்டதாக நம்புவதும் அடிக்கடி நடக்கிறது. ஏதென்ஸில் காய்கறி வாங்க அது உதவும். ஆனால் பழைய மொழியில் பக்கத்துக்குப் பக்கம் வரும் நான்காம் வேற்றுமை வடிவமும் வினையெச்ச வகையான 'இன்ஃபினிட்டிவ்'வும் இன்றைய பேச்சில் வழக்கொழிந்துவிட்டன.

மேற்கோள் காட்டும்போது கையிலுள்ள பதிப்பின் பக்க எண்ணைப் போடாதீர்கள். பிளேட்டோவுக்கு 1578-ல் வந்த ஸ்டெஃபானுஸ் பதிப்பின் எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831-ல் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண். 353b எந்த மொழிபெயர்ப்பிலும் 353b-தான். விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரையில் இது தவறினால், துறைக்குள் பழகாதவர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது, படிப்பை மெய்யியல் துறை நடத்துகிறதா, கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கான செவ்வியல் துறை நடத்துகிறதா என்று பாருங்கள். முன்னதில் மொழியில்லாமலும் சில சமயம் நுழையலாம்; பின்னதில் அது கடினம். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரே ஆண்டு. அதற்குள் எழுத்திலிருந்து தொடங்கி ஆய்வேடும் எழுதுவது ஆளை நசுக்கிவிடும். மொழி போதாதவர்களுக்கென்றே அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் முதுகலைக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு இருக்கிறது. முனைவர் பட்டம்வரை போகும் எண்ணமிருந்தால் ஜெர்மனோ பிரெஞ்சோ வாசிக்கவும் கேட்பார்கள்.

பணம் கட்டுமுன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு கேள்விகள் கேளுங்கள்: சேர்ந்ததும் மொழித்தேர்வு உண்டா, எந்த நூலிலிருந்து, எத்தனை வரி, அகராதி அனுமதிப்பார்களா? வரும் பதிலை மேசைமேல் வைத்துக்கொண்டு, அந்த நூலில் அத்தனை வரியை கடிகாரம் பார்த்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.