அசிட்டோனில் கை கழுவாதீர்கள்

"விரல் ரேகை மெஷின் என் கையை எடுக்க மாட்டேங்குதுங்க டாக்டர்" என்றபடி உட்கார்ந்தார் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேபில் வேலை. வருகைப் பதிவில் மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்த பிறகுதான் வந்திருக்கிறார். விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. கட்டைவிரல் மடிப்பில் வெடிப்பு. மோதிரத்துக்கு அடியில் சிவந்து நீர் கசிந்தது. இந்த மாதம் நான் பார்க்கும் நான்காவது லேப் கை இது.

பீக்கரில் எழுதிய மார்க்கர் மையை வெறுங்கையால், மையைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தில் நனைத்த பஞ்சு வைத்துத் துடைக்கிறார். சாயங்காலம் கிளம்பும்போது கையில் ஒட்டிய மைக்கும் அதே அசிட்டோன் பாட்டில்தான். கேட்டால், "அதுதான் உடனே ஆவியாப் போயிருதுங்களே, கையில என்ன நிக்கும்?"

நால்வரும் இதையேதான் சொன்னார்கள். போகிற அசிட்டோன் சும்மா போவதில்லை ஐயா! தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பைக் கரைத்துவிட்டுப் போகிறது. கை காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கிறதே, அது எண்ணெய் போன தோல். என்றோ ஒருநாள் பட்டால் தோல் ஈடுகட்டிக்கொள்ளும். தினமும் பத்துத் தடவை என்றால் அதற்கு ஏது அவகாசம்? ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் போன்ற சால்வென்ட்டுகள் (கரைப்பான்கள்) எல்லாம் இதே ரகம்தான்.

இப்படி வருவது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. செட்டிரிசின் விழுங்கிப் பயனில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் படை க்ரீமில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலியும். அலர்ஜியோ என்று சந்தேகம் வந்தால் சந்தேகப்படும் பொருளை வைத்த பேட்சை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிப் பார்ப்போம்.

"கிளவுஸ் போட்டுத்தானே செய்றேன்" என்பவர்களுக்கு: மெல்லிய நைட்ரைல் கிளவுஸ் அசிட்டோனைச் சில நிமிடம்கூடத் தாங்காது. தெறித்தால் உடனே கழற்றுங்கள், கை கழுவிப் புதிது போடுங்கள். கை நனையும் வேலைக்கு பியூட்டைல் ரப்பர் கேளுங்கள். (ஹெக்சேனுக்கு பியூட்டைல் ஆகாது, அங்கே நைட்ரைல்தான்.) 1996-ல் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் கையில் சிந்தியது சில துளி டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரச விஷம். லேடெக்ஸ் கிளவுஸைத் தாண்டி உள்ளே போனது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தார்.

மோதிரத்தை வீட்டில் வையுங்கள். கைக்கு மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். ஒற்றித் துடைத்து, ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பார்வைக்கு ஆறினாலும் தோலுக்குப் பழைய பலம் வர மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

தம்பிக்கு ஒரு மாதம் சால்வென்ட் படாத வேலை கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருக்கிறேன். லேப் பொறுப்பில் இருப்பவர்களே, சீட்டோடு வரும் பிள்ளையைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். பீக்கரில் மார்க்கருக்குப் பதில் லேபிள் ஒட்டச் சொல்லுங்கள்.