கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு கார் ஓட்டினால் என்ன ஆகும்?

மாருதி ஈக்கோ வைத்திருப்பவர்களுக்கு சைலன்சர் திருட்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. வண்டிக்கு அடியில் எட்டும் தூரத்தில் தொங்கும் அந்தக் குழாய்த் தொகுப்பில் திருடனுக்கு வேண்டியது இரும்பு இல்லை. புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் அதற்குள்தான் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது அதிலுள்ள விலையுயர்ந்த உலோகங்கள்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மற்ற கார்களில் திருடனே தேவையில்லை. கன்வர்ட்டர் அடைத்துக்கொள்ளும், புதிதின் விலையைக் கேட்டு உரிமையாளர் மலைப்பார், மெக்கானிக் உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்திக் கொட்டிவிட்டு வெறுங்கூட்டைத் திரும்ப மாட்டிக் கொடுப்பார். இரண்டிலும் வண்டி ஓடும், நன்றாகவே ஓடும். அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கொட்டப்பட்டது கார்டியரைட் என்ற செராமிக் கட்டி. ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 நுண்துளைகள். துளைச் சுவர்களில் அலுமினாவும் சீரியாவும் பூசி, அதன்மேல் சில கிராம் விலையுயர்ந்த உலோகம் தூவியிருக்கும். 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகுதான் இது வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத பெட்ரோல் ஆவிக்கும் ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். இந்த எதிரெதிர் வேலைகள் ஒரே பெட்டிக்குள் நடப்பது ஒரு கலவையில் மட்டும்தான்: 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. கலவை சற்று இளகும்போது (காற்று கூடும்போது) சீரியா ஆக்சிஜனைச் சேமித்து, செறிவாகும்போது (பெட்ரோல் கூடும்போது) வெளியே விடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவும், கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையை 14.7-க்கு இருபுறமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

எஞ்சினைக் கேட்டால் அது 14.7 கேட்காது. முழு சக்திக்கு 12.5-லிருந்து 13 வரை போதும். சிக்கனத்துக்கு 15-க்கு மேல் போக வேண்டும். 14.7 என்பது கன்வர்ட்டருக்காகச் செய்துகொண்ட சமரசம். கன்வர்ட்டரை எடுத்த பிறகும் இசியு அதே 14.7-ஐத்தான் பிடித்து வைக்கும். ஆகவே, "எடுத்தால் மைலேஜ் கூடும்" என்ற பேச்சுக்குச் சாதாரண ஓட்டத்தில் அடிப்படை இல்லை. முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் சொற்ப சக்தி கூடலாம். இந்தப் பேச்சு பிறந்ததே அடைத்துப்போன கன்வர்ட்டரை எடுத்தவர்களிடமிருந்துதான். அவர்களுக்கு வித்தியாசம் நிஜமாகவே தெரிந்திருக்கும். "வால்வு கருகிவிடும்" என்று பயமுறுத்துவோரும் உண்டு. அதுவும் பொய்யே.

அடைப்பா இல்லையா என்று ஊகிக்க வேண்டாம். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) அழுத்தம் 1.25 பிஎஸ்ஐக்கு மேலோ, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேலோ காட்டினால் வழி அடைத்திருக்கிறது.

இனி புகைக்கு வருவோம். கன்வர்ட்டர் இல்லாமல், கலவை சரியாகவே இருந்தாலும், கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பிஎஸ்-4 என்ற மாசு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் அனுமதி 0.3 சதவீதம், ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்துப் பிடிக்கும் உயர் ஐடிலில் 0.2. எமிஷன் சர்டிபிகேட் எடுக்கப் போகும்போது தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் அதைவிட மோசமானது அந்த மெஷின் பார்க்காத ஒன்று. பெட்ரோல் வண்டிக்கான பரிசோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. அது அதிகம் உருவாவது எஞ்சின் சுமை இழுக்கும்போது, அதுவும் 14.7-ஐவிடச் சற்றே இளகிய கலவையில். வெறுங்கூட்டோடு லோடு ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் வண்டி அத்தனையையும் தெருவில் விட்டுவிட்டுப் போகும். சான்றிதழில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும்.

புதிது வரும்வரை வேறு வழியில்லாமல் ஓட்டுகிறீர்களா? முதலில் உங்கள் நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அரை சதவீதம் என்றால் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). கார்பன் மோனாக்சைடு 1,200 பிபிஎம்மிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து. மூடிய போர்டிகோவில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. வேன் வகை வண்டியில் நீளச் சாமான் ஏற்றி, பின்கதவைத் திறந்து கயிறு கட்டி ஓட்டுவதை அறவே தவிருங்கள்: ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை உள்ளேயே இழுபடும்.

தற்காலிகமாக வெல்டு வைத்த பைப்பில் ஜாயிண்டுகள்தான் முதலில் விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் வால்குழாயைச் சில நொடி மட்டும் அடைத்துப் பிடித்தால், கசியும் இடத்தில் 'உஸ்' சத்தம் கேட்கும். குழாய்கள் இணையும் விளிம்பான பிளேஞ்சில் கரிப்படிவு இருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். சத்தம் கூடியது மட்டுமில்லாமல் தலைவலியும் வந்தால், கசிவு வண்டியின் தளத்துக்கு அடியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் செக் எஞ்சின் லைட் எரிந்து, கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வரும், ஆனால் உடனே வராது. எஞ்சின் சூடாகி, சீரான வேகத்தில் ஓடும்போதுதான் இசியு சோதிக்கும். அந்தப் பின் சென்சாரைச் சற்றுத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது லைட்டைத்தான் அணைக்கும், புகையை இல்லை. வேறு கோளாறு வரும்போது எரிய வேண்டிய எச்சரிக்கையின் மேலும் பிறகு நம்பிக்கை வைக்க முடியாது.

புதிது மாட்டும் முன் பழையது ஏன் செத்தது என்று பாருங்கள். இல்லையேல் அதே நோய் புதியதையும் கொல்லும். மிஸ்ஃபயரானால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போனால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து செராமிக்கையே உருக்கும். செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓரம் கட்டுங்கள் என்பது இதனால்தான். எண்ணெய் குடிக்கும் எஞ்சின் என்றால் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் உலோகப் பூச்சின்மேல் படிந்து மூடிவிடும். கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தாலும் இதே கதி. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டினால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். சென்சாருக்கு முன்னால் எந்த இணைப்பிலும் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். மரை இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ் சென்சாரின் மரையில் மட்டும், முனையில் படக் கூடாது. பழைய கூட்டைக் குடைவதாக இருந்தால் முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. செராமிக் கட்டியைச் சுற்றி, சூட்டில் உப்பிப் பிடித்துக்கொள்ளும் ஒரு நார்ப்பாய் இருக்கிறது. அது உப்பும் முன் வண்டியை முறுக்கினால் கட்டி உள்ளே ஆடி உடையும். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் சூடாக விட்டு, பிறகு 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் நிறுத்தி, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, அதன் பின் சாலைக்கு எடுங்கள்.