சர்க்கரைக் காப்பீட்டுப் பணம் எப்போது வரும், ஏன் சில வருடம் வராது?

மொரீசியஸின் வடக்கே ரிவியேர் டு ராம்பார் பக்கம் என் மாமாவுக்கு இரண்டு அர்ப்பான் (ஓர் அர்ப்பான் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர்) கரும்பு இருக்கிறது. போன வறட்சியில் கரும்பு இலை ஊசிமாதிரி சுருண்டு நின்றதைக் காட்டி, "வருசா வருசம் இன்ஷூரன்ஸுக்குப் பிடிக்கிறார்களே, எனக்கு எப்போது தருவார்கள்?" என்று கேட்டார். நம்மில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

1945இல் ஒரே வருடத்தில் மூன்று புயல் மொரீசியஸை அடித்துப் போட்டது. அடுத்த ஆண்டே, 1946இல், புயலுக்கும் வறட்சிக்கும் என்று இந்தக் கரும்புக் காப்பீட்டு நிதியைத் தொடங்கினார்கள், அதிக மழை பிறகு சேர்ந்தது. இப்போது சர்க்கரைக் காப்பீட்டு நிதி வாரியம் இதை நடத்துகிறது. கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்புகிற எல்லோரும் சட்டப்படி இதில் இருக்கிறோம், சேரலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை.

அதிக மழைக்கு எதற்குக் காப்பீடு என்றால், காப்பீடு கரும்பின் எடைக்கு இல்லை, அதிலிருந்து வரும் சர்க்கரைக்கு. மேட்டு நிலத்தில் மழை அதிகமான கியூர்பிப் பக்கம் வெயிலே இல்லாமல் பெய்துகொண்டிருந்தால் கரும்பு தளதளவென்று நிற்கும், சாற்றில் இனிப்பு ஏறாது. புயலிலும் இதே கதைதான்: நுனி முறிந்த கரும்பு கீழே கணுவிலிருந்து பக்கத்துளிர் விடும், சேர்த்து வைத்த சர்க்கரையெல்லாம் அந்தத் துளிருக்கே போய்விடும்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். உங்கள் வயல் மட்டும் காய்ந்தால் பணம் வராது. உங்கள் ஆலைப் பகுதி (ஒரே ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற வட்டாரம்) முழுவதும் எவ்வளவு சர்க்கரை வந்திருக்க வேண்டும், எவ்வளவு வந்தது என்று பார்ப்பார்கள், அது வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் அந்தப் பகுதியைப் பாதிக்கப்பட்டதாக அறிவிப்பார்கள். அப்புறம்தான் உங்கள் வயலின் இழப்புக் கணக்கு. பக்கத்து ஆலைப் பகுதிக்காரருக்குப் பணம் வந்து உங்களுக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தீ விபத்து மட்டும் வேறு, அது தனி வயலுக்கே கணக்கு, தீப்பிடித்த உடனே வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ரேங்க். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 15 வரை ஒரு ரேங்க் உண்டு. இழப்பீடு வாங்காத வருடங்களில் அது ஏறும், வாங்கினால் இறங்கும். மேலே இருப்பவருக்குப் பிரீமியம் குறைவு, இழப்பீடு அதிகம். உங்கள் ரேங்க் என்ன என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வறட்சிவரை தள்ளிப்போடாதீர்கள்.

1999 வறட்சியில் நாட்டின் சர்க்கரை முந்தைய ஆண்டின் சுமார் 6.28 லட்சம் டன்னிலிருந்து 3.73 லட்சமாகச் சரிந்தது. இப்போது மழை 1950களைவிட 8 சதவீதம் குறைவு, முன்பு நவம்பரில் வந்த கோடை மழை (இங்கே கோடை அப்போதுதான்) டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போகிறது, வடக்கே இருக்கிற நமக்கு அந்த ஒரு மாதமே பெரிய அடி. அதனால் கரும்பு நிற்கிற பரப்பைச் சரியாகப் பதிவு செய்யுங்கள்: ஒரு துண்டைத் தரிசாக விட்டாலும், காய்கறிக்கு மாற்றினாலும், மறுநடவு செய்தாலும் சொல்லிவிடுங்கள். கரும்பு வரிசைகளுக்கு நடுவே போட்ட உருளைக்கிழங்குக்கு இதில் ஒன்றும் கிடையாது, காய்கறிக்கு உதவி வேண்டுமென்றால் சிறு விவசாயிகள் நல நிதியில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.